மொழியியல் முதலாண்டுப் பாடத்தை யார் எழுதுவது?

சூரிச் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழிக்கு ஒரு துறை, ஆங்கிலத்துக்கு ஒன்று, ரொமானிய மொழிகளுக்கு ஒன்று, ஒப்பீட்டு மொழியியலுக்கு ஒன்று என்று தனித்தனியே இருக்கின்றன. ஒலியன் என்றால் என்ன, உருபனை எப்படிப் பிரித்தறிவது, வாக்கியத்தின் உள்ளமைப்பை எப்படிக் கிளைப்படமாக வரைவது என்று இங்கெல்லாம் முதலாண்டு மாணவர்களுக்கு அடியிலிருந்து சொல்லித்தருகிறார்கள். பேர்ணுக்குப் போனாலும் இதே நிலைமைதான். பாசல், ஃப்ரிபூர், நெஷாத்தெல், லோசான், ஜெனீவா எங்கும் அப்படியே. சூரிச்சிலிருந்து ஜெனீவாவுக்கு ரயிலில் மூன்று மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் ஓர் ஊரில் பல தடவை திருத்திச் செப்பனிட்ட நல்ல பயிற்சி ஒன்று அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்வது அபூர்வம். அதைத் தயாரித்த உதவி விரிவுரையாளரின் ஒப்பந்தம் முடிந்து அவர் வேறிடம் போனதும், அந்தக் கோப்பு ஏதோவொரு கற்றல் தளத்தின் கடவுச்சொல்லுக்குப் பின்னால் கிடந்துவிடும். அடுத்து வருபவர் திரும்பவும் வெறுந்தாளில் தொடங்குவார்.

பாடப்பொருளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றால் யாரும் மறுக்கப் போவதில்லை. எதைப் பகிர்வது என்பதில்தான் சிக்கல். பகிர்வு என்றதுமே பலர் ஒரு முழுப் பாடநெறியை நினைக்கிறார்கள்: 14 வாரத்துக்கு 14 விரிவுரை, காணொளிகள், வினாக்கள், கடைசியில் ஒரு பரீட்சை, எல்லாம் ஒரே தளத்தில். அது தவறான இலக்கு என்பது என் கருத்து. பகிர வேண்டியவை தரவுகள், ஒலிப்பதிவுகள், பயிற்சிகள், விடை விளக்கங்கள். ஒவ்வொன்றையும் தனியே எடுத்தாள முடிய வேண்டும். எங்கிருந்து, யாரிடமிருந்து வந்தது என்ற விவரம் கூடவே இருக்க வேண்டும். மாற்றியமைக்கும் உரிமை எல்லோருக்கும் இருக்க வேண்டும். அவற்றைக் கோத்துப் பாடநெறி ஆக்குவது அந்தந்த ஆசிரியரின் வேலை. இதைச் சொல்ல எனக்கு இரண்டு சான்றுகள் இருக்கின்றன, இரண்டும் இந்த நாட்டுக்குள்ளேயே நடந்தவை. ஒன்றுக்கு நூறு வயதுக்கு மேல், மற்றதற்கு இருபது சொச்சம்.

முதலாவது ஃபெர்டினாண்ட் டி சசூரின் புத்தகம். மொழியியல் படிக்கும் எவரும் முதல் மாதத்திலேயே கேள்விப்படும் 'பொது மொழியியல் பாடம்' என்ற அந்த நூலைச் சசூர் எழுதவில்லை. அவர் ஜெனீவாவில் 1907 தொடங்கி 1911 வரை மூன்று தடவை அந்தப் பாடத்தை நடத்தினார், 1913இல் காலமானார், அந்தப் பாடத்தைப் புத்தகமாக எழுதி விட்டுச்செல்லவில்லை. ஷார்ல் பாலியும் அல்பேர் செஷஏயும் மாணவர்களின் குறிப்பேடுகளைத் திரட்டி, அல்பேர் ரீட்லிங்கரின் துணையுடன் 1916இல் நூலாக வெளியிட்டார்கள். பாலியும் செஷஏயும் அந்த வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள் அல்லர். ரீட்லிங்கர் உட்கார்ந்திருந்தார். செஷஏயின் மனைவி மூன்றாவது பாடத்தைக் கேட்டுக் குறிப்பெடுத்திருந்தார். யோசித்துப் பார்த்தால், உலகிலேயே அதிகம் செல்வாக்குப் பெற்ற மொழியியல் அறிமுக நூல், மாணவர்கள் கூடிப் பகிர்ந்த குறிப்புகளிலிருந்து பிறந்த ஒன்று. அந்தக் குறிப்பேடுகள் இல்லாவிட்டால் சசூரின் சிந்தனை அவரோடேயே போயிருக்கும்.

ஆனால் குறிப்புகளை ஒரே சீரான, முடிந்துபோன நூலாக மாற்றியபோது ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. சசூர் மூன்றாவது பாடத்தை உலகில் மொழிகள் பலவாக இருப்பதிலிருந்தும் அவை இடத்துக்கிடம் வேறுபடுவதிலிருந்தும் தொடங்கினார். நூலில் அந்தப் பகுதி பின்னால் நான்காம் பாகத்துக்குப் போய்விட்டது. அருவமான பொதுக் கொள்கைகள் முன்னுக்கு வந்தன. மொழியை அதற்காகவே, அதனளவிலேயே ஆராய்வதுதான் இந்தத் துறையின் ஒரே நோக்கம் என்று முடியும் புகழ்பெற்ற கடைசி வாக்கியத்துக்கு மாணவர் குறிப்புகளில் ஆதாரமே கிடையாது. அது பதிப்பாளர்கள் சேர்த்தது. இதெல்லாம் வெளியே தெரிய நாற்பது ஆண்டுகள் ஆயின. ரொபேர் கொடெல் 1957இல் கையெழுத்து மூலங்களை ஆராய்ந்து வெளியிட்டார். அடுத்த ஆண்டே எமில் கொன்ஸ்டான்டினின் குறிப்பேடுகள் கிடைத்தன. மூன்றாவது பாடத்துக்கு அவைதான் மிக முழுமையானவை. பின்னர் ருடோல்ஃப் எங்லர் 1968 முதல் வெளியிட்ட ஆய்வுப் பதிப்பில் அச்சான நூலின் வரிகளை ஒரு பத்தியிலும், அவற்றுக்கு மூலமான மாணவர் குறிப்புகளைப் பக்கத்துப் பத்திகளிலும் நேருக்கு நேராக நிறுத்தினார். அந்தப் பக்கங்களைப் பார்க்கும் எவருக்கும் புரியும்: ஒருவர் ஒரே வகுப்பில் சொன்னதை நான்கு பேர் நான்கு விதமாகப் பிடித்திருக்கிறார்கள், பதிப்பாளர் அவற்றிலிருந்து ஐந்தாவதாக ஒன்றைச் செய்திருக்கிறார். பாலியையும் செஷஏயையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்றைய அச்சுத் தொழிலில் வேறு வழி இருக்கவில்லை. இன்று வழி இருக்கிறது. நூலையும் கொடுக்கலாம், குறிப்பேட்டையும் கொடுக்கலாம், இரண்டுக்கும் நடுவில் நடந்த தேர்வுகளையும் காட்டலாம்.

இரண்டாவது சான்று பணத்தோடு வந்தது. 2000ஆம் ஆண்டில் மத்திய அரசின் ஆதரவோடு 'சுவிஸ் மெய்நிகர் வளாகம்' என்ற திட்டம் தொடங்கியது. பல பல்கலைக்கழகங்கள் கூட்டுச் சேர்ந்து இணையப் பாடங்களை உருவாக்க வேண்டும் என்பதே எண்ணம். முதல் கட்டத்தில் ஐம்பது அளவிலான திட்டங்கள், 2004 முதல் இன்னொரு கட்டம். புவியியல் தகவல் முறைமைகள், லத்தீன், மருத்துவம், சட்டம் என்று துறை துறையாக உழைத்தார்கள். நிதி நின்றதும் நடந்ததைத்தான் நாம் ஆற அமரப் பார்க்க வேண்டும். முழுப் பாடநெறியாக, ஒரு குறிப்பிட்ட தளத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் இறுகக் கட்டப்பட்டவை வேகமாக மூப்படைந்தன. அந்தக் காலத்தில் அசைவுப் படங்கள் என்றாலே ஃபிளாஷ்தான். 2020 முடிவோடு அதற்கான ஆதரவை அடோபி நிறுத்திவிட்டது. நாக்கு எங்கே தொடுகிறது, குரல்வளை எப்படி அதிர்கிறது என்று அசைந்து காட்டிய படங்கள் அந்த வடிவத்தில் இருந்திருந்தால் அவை இன்று திறவா.

நிலைத்தவை வேறு மாதிரியானவை. சூரிச்சில் வரலாற்றுத் துறையினர் உருவாக்கிய 'ஆட் ஃபோன்டெஸ்' இன்றும் ஓடுகிறது. பழைய ஆவணங்களை வாசிக்கப் பழக்கும் அந்தத் தளத்தின் அடித்தளம் ஆவணக்காப்பகத்தின் மூல ஏடுகள். பயிற்சிகள் சின்னச் சின்னவை. தொழில்நுட்பம் மாறியபோது அவற்றைப் புதிய சட்டகத்துக்கு மாற்ற முடிந்தது. புவியியல் திட்டமான 'கிட்டா'விலிருந்து பிறந்த ஈ.எல்.எம்.எல். என்ற குறியீட்டு மொழி, பாடத்தின் உள்ளடக்கத்தை அதன் தோற்றத்திலிருந்து பிரித்து வைத்தது. ஒரே மூலத்திலிருந்து இணையப் பக்கமும் எடுக்கலாம், அச்சுப் பிரதியும் எடுக்கலாம். சூரிச் மாணவர்கள் 1999இல் தொடங்கிய 'ஓலாட்' கற்றல் மேடை திறந்த மூலமாக வளர்ந்து வெளிநாடுகளுக்கும் போயிற்று. மூலத்துக்குப் பக்கத்தில் நின்றவையும் பிரித்தெடுக்கக் கூடியவையும் பிழைத்தன.

இனி மொழியியலுக்கே வருவோம். கொள்கையாகச் சொல்வதைவிட ஒரு பயிற்சியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. 1985இல் ஸ்டூவர்ட் ஷீபர் என்ற அமெரிக்க ஆய்வாளர் சூரிச் ஜெர்மன் வாக்கியங்களைக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். கணினி மொழியியலில் அது மைல்கல். அவர் எடுத்த அமைப்பு இப்படி: 'மெர் எம் ஹான்ஸ் எஸ் ஹூஸ் ஹெல்ஃபெட் ஆஷ்ட்ரீஹெ'. சொல்லுக்குச் சொல் வைத்தால்: நாங்கள், ஹான்ஸுக்கு, வீட்டை, உதவுகிறோம், பூச. 'உதவு' என்ற வினை நான்காம் வேற்றுமையைக் கேட்கிறது, 'பூசு' இரண்டாம் வேற்றுமையைக் கேட்கிறது. ஆக முதல் பெயர் முதல் வினையோடும், இரண்டாம் பெயர் இரண்டாம் வினையோடும் சேர்கின்றன; கோடு போட்டு இணைத்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். தமிழில் இதையே 'நாங்கள் ஹான்ஸுக்கு வீட்டைப் பூச உதவுகிறோம்' என்போம். இங்கே 'வீட்டைப் பூச' உள்ளே ஒரு கட்டு, 'ஹான்ஸுக்கு... உதவுகிறோம்' அதைச் சூழ்ந்த வெளிக்கட்டு. பெட்டிக்குள் பெட்டியாக அடங்குகிறது, கோடுகள் வெட்டுவதில்லை. எழுத்து ஜெர்மனின் துணை வாக்கியத்திலும் அப்படித்தான். சூரிச் பேச்சு மட்டும் வேறு வழியில் போகிறது. உள்ளடங்கும் அடுக்குகளை மட்டும் உருவாக்கவல்ல சூழல்சாரா விதிகள் மனித மொழிகள் எல்லாவற்றையும் விவரிக்கப் போதா என்று இதிலிருந்து ஷீபர் நிறுவினார்.

இந்த ஒரு வாக்கியத்தைப் பகிரக்கூடிய பயிற்சியாக ஆக்க என்னென்ன வேண்டும்? சூரிச் பேச்சு பேசும் ஒருவரின் ஒலிப்பதிவு. அவர் எந்த ஊர், எந்த வயது என்ற விவரம், அவருடைய சம்மதம். சொல்லுக்குச் சொல் பிரிப்பும் வேற்றுமைக் குறிப்பும். கோடு வரைந்து பார்க்க ஒரு வெற்றுப்படம். பக்கத்தில் எழுத்து ஜெர்மன், பிரெஞ்சு, தமிழ் இணைகள். பேர்ணிலோ வாலிஸிலோ உள்ள ஆசிரியர் தன் பகுதிப் பேச்சில் சொல்வரிசை மாறுமா என்று மாணவர்களைக் கேட்கவைக்கும் ஒரு கேள்வி. இவ்வளவுதான். தொடரியலை எந்தக் கோட்பாட்டின் வழியாகச் சொல்லித்தந்தாலும் இந்தப் பயிற்சி பொருந்தும். ஜெர்மன் துறையும் எடுக்கலாம், கணினி மொழியியல் துறையும் எடுக்கலாம். இப்படி நூறு பயிற்சிகள் இருந்தால் முதலாண்டின் பெரும்பகுதி நிறைந்துவிடும். இதற்கான மூலவளங்கள் இந்த நாட்டில் கொட்டிக் கிடக்கின்றன. சூரிச்சின் ஒலிப்பதிவுக் காப்பகம் 1909இலிருந்து இயங்குகிறது. ஜெர்மன் பேசும் சுவிஸின் மொழி வரைபடத் தொகுதிகள் 1962 முதல் 1997 வரை வெளிவந்தன. 2009-10இல் பொதுமக்களிடம் கேட்டு வாங்கிய ஏறக்குறைய 26,000 குறுஞ்செய்திகளின் தொகுப்பு ஒன்று இருக்கிறது. நிலையான எழுத்து முறை இல்லாத ஒரு பேச்சை மக்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று காட்ட இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. ஆராய்ச்சியாளருக்கு இவை தெரியும். முதலாண்டு மாணவரின் கைக்கு ஏற்ற அளவில் நறுக்கிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது தரம் பற்றியது. ஆளாளுக்கு மாற்றலாம் என்றால் பிழை பெருகாதா, முழுநூல் ஒன்றை ஒரு பேராசிரியர் பொறுப்பேற்று எழுதினால்தானே மாணவர் நம்பிப் படிக்க முடியும் என்கிறார்கள். கவலை நியாயமானது. ஆனால் ஒருவர் பெயரில் வரும் முடிந்த நூலும் பிழையை மறைத்துவைக்கும் என்பதற்குச் சசூரின் நூலே சாட்சி. மூலம் பக்கத்தில் இருந்தால் பிழை சீக்கிரம் பிடிபடும். கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஆண்டர்சன் 2018இல் 'மொழியியலின் அடிப்படைகள்' என்ற நூலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டார். 2022இல் வந்த இரண்டாம் பதிப்பில் வேறு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆசிரியர்களும் சேர்ந்தார்கள். சைகை மொழிகளின் எடுத்துக்காட்டுகள் நூல் முழுவதும் பரவலாக வந்தன. மேற்பார்வை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பயிற்சியும் பொதுத் தொகுப்பில் சேரும் முன் அந்த மொழியைப் பேசும் ஒருவரும், அந்தப் பிரிவைக் கற்பிக்கும் ஒருவரும் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். அது கட்டாயம்.

இன்னொரு மறுப்பு மரபு வேறுபாடு. ஜெனீவாவில் சசூரின் வழியும் பின்வந்த ஆக்கமுறை இலக்கணமும் ஆழ வேரூன்றியவை; சூரிச்சில் உலக மொழிகளின் வகைப்பாட்டாய்வுக்கு எடை அதிகம்; ரொமானிய மொழிகளைக் கற்பிப்பவர்கள் வரலாற்றிலிருந்து தொடங்குவார்கள். ஒரே பாடத்தில் இவர்களை எப்படி அடைப்பது? அடைக்கவே கூடாது. முழுப் பாடநெறி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம். ஒருவரின் வரிசைமுறையை எல்லோர் தலையிலும் கட்டினால் இரண்டே ஆண்டில் அதை யாரும் திறந்துபார்க்க மாட்டார்கள். எடுத்துக்காட்டாக, ரொமான்ஷ் மொழி சுவிஸ் மக்கள்தொகையில் சுமார் 0.5 வீதத்தினரின் முதன்மை மொழி. அதற்குள் ஐந்து எழுத்து வழக்குகள், 1982இல் ஹைன்ரிஹ் ஷ்மிட் வகுத்த பொது எழுத்து மொழி வேறு. இதே தரவை ஒருவர் மொழித் திட்டமிடலுக்கு எடுப்பார், இன்னொருவர் ஒலி மாற்றத்துக்கு எடுப்பார். தரவு பொதுவாக இருக்கட்டும், வாதம் அவரவருடையதாக இருக்கட்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். சுவிஸில் ஐம்பதினாயிரம் அளவில் ஈழத்தமிழர் வாழ்கிறோம். நம் பிள்ளைகள் இந்தப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். முதலாண்டு மொழியியலில் தங்கள் வீட்டுப் பேச்சு ஒரு தடவையாவது தரவாக வருவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அந்தத் துறையோடு வேறொரு உறவு பிறக்கும். யாழ்ப்பாணப் பேச்சில் 'இது', 'அது' ஆகியவற்றோடு 'உது' இன்றும் வழங்குகிறது; கேட்பவரின் பக்கத்தில் இருப்பதைச் சுட்ட அது உதவுகிறது. தொல்காப்பியம் அ, இ, உ மூன்றையுமே சுட்டு என்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு மறைந்துவிட்டது. ஒரு சொல்லின் மதிப்பை அதன் பக்கத்தில் நிற்கும் சொற்களே வரையறுக்கின்றன என்ற சசூரின் கருத்தைச் சொல்லித்தர, ஆட்டுக்கும் ஆட்டிறைச்சிக்கும் பிரெஞ்சில் ஒரே சொல், ஆங்கிலத்தில் இரண்டு என்ற பழைய எடுத்துக்காட்டையே எல்லோரும் எடுக்கிறார்கள். யாழ்ப்பாணத்து 'அது'வும் சென்னை 'அது'வும் ஒரே ஒலியாக இருந்தும் ஒரே பரப்பை மூடவில்லை என்பதை மேசையில் மூன்று பேனாக்களை வைத்தே காட்டலாம். சூரிச்சில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் 'உது'வை வைத்திருக்கிறார்களா, ஜெர்மன் சுட்டுமுறை அதைத் தள்ளிவிட்டதா என்பது மாணவர்களே கேட்டுத் திரட்டக்கூடிய அருமையான கேள்வி. திறந்த உரிமத்தில் இந்தப் பயிற்சி இருந்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையும் அதை எடுக்கலாம், அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் எடுக்கலாம், அங்கிருந்து திருத்தமும் வரலாம். 2001இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் புலம்பெயர்ந்தோரை நோக்கிப் பாடங்களை அனுப்பியது. இந்தத் திசையிலிருந்தும் ஏதாவது போக வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு நொடியில் பயிற்சி எழுதித்தரும்போது இதெல்லாம் எதற்கு என்பது இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி. விளக்கங்களை எழுதவும், ஜெர்மனிலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றவும் அது நிச்சயம் உதவும். அந்த உதவியை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் வாலிஸ் பேச்சு என்று அது கொடுக்கும் வாக்கியத்தை வாலிஸில் யாராவது பேசுகிறார்களா என்பதற்கு அந்தப் பொறி சாட்சி சொல்ல முடியாது. மொழியியலின் முதல் ஒழுக்கம் எடுத்துக்காட்டை அதைப் பேசிய மனிதர்வரை பின்தொடர்ந்து போக முடிவது. முதலாண்டிலேயே அந்தப் பழக்கம் ஊன்றாவிட்டால் பிறகு ஊன்றுவது கடினம். எழுத்து வடிவில் குறைவாகப் பதிவான பேச்சுகளுக்கு, நம்முடையது உட்பட, சரிபார்த்த தரவின் தேவை இப்போது கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை.

கடைசியில் உழைப்பும் பணமும். எனக்கு மிகக் கடினமாகத் தெரியும் மறுப்பு இதுதான். இங்கே அறிமுக வகுப்புகளின் பெரும் பாரம் குறித்த கால ஒப்பந்தத்தில் இருக்கும் இளம் ஆய்வாளர்கள் தோளில். ஒரு நல்ல பயிற்சிக்கு ஒரு வாரம் போகும். அந்த வாரத்தில் கட்டுரை எழுதினால் அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கணக்கில் வரும், பயிற்சி வராது. நல்லெண்ணத்தை மட்டும் நம்பி அவர்களிடம் இலவச உழைப்புக் கேட்பது அநீதி. ஆகவே ஒவ்வொரு பயிற்சிக்கும் ஆக்கியவர் பெயரும் நிலையான இணைய அடையாள எண்ணும் இருக்க வேண்டும். வேலைக்குழுக்கள் அதை வெளியீடாக எண்ண வேண்டும். மூன்று நான்கு ஆண்டுத் திட்டநிதியாகத் திரும்பவும் பெருந்தொகை கொட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை, 2000களில் அதைச் செய்து பார்த்தாயிற்று. நீண்ட காலத்துக்குச் சிறு தொகை கொடுக்க இந்த நாட்டுக்குத் தெரியும். சுவிஸ் ஜெர்மன் பேச்சுச் சொற்களின் பேரகராதியான 'இடியோட்டிகோன்' 1862இல் தொடங்கியது. முதல் பகுதி 1881இல் வந்தது. இப்போதுதான் அகரவரிசையின் கடைசி எழுத்தில் நிற்கிறது. மத்திய அரசும் மாநிலங்களும் அதற்குத் தொடர்ந்து பணம் கொடுக்கின்றன, வந்த தொகுதிகளை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பாடப்பொருள் தொகுப்புக்கு அவ்வளவுகூட வேண்டாம். ஜெர்மன் பகுதியில் ஒருவர், பிரெஞ்சுப் பகுதியில் ஒருவர், இருவருக்கும் நிரந்தரமான அரைநேரப் பதவி. தொகுப்பைக் காப்பது, வருவதைச் சரிபார்க்கக் கொடுப்பது, பழுதானதை மாற்றுவது அவர்கள் வேலை. தொகுப்பின் முதல் ஆண்டுக்கு ஒலியியல் மட்டும் போதும். ஒலிப்பதிவுகள் ஏற்கெனவே காப்பகங்களில் இருக்கின்றன, அலைவடிவத்தைப் பார்க்க 'பிராட்' மென்பொருள் இலவசம். உரிமம் தெளிவான பதிவுகளை முதலில் எடுத்துத் தொடங்கலாம்.